உதடு ஒட்டாத பத்து நாள்

"போதும்" என்று சொல்ல வாய் வராததால் அன்றைக்குக் கஞ்சி சட்டையெல்லாம் வழிந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து நான்காவது நாள். கீழுதட்டின் வலப்பக்கம் வீங்கித் தொங்கியது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது, தையல் இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி பரணில் எதையோ துழாவி வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தாள். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும், அப்புறம் பேத்திக்கும் பால் புகட்டிய பாலாடை. புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, ஆறிய கஞ்சியை ஊற்றி, இடப்பக்கக் கடைவாயில் வைத்துச் சாய்த்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன், 66 வயது, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். மூன்று பாலாடை உள்ளே போயிற்று. நான்காவதில் "போதும்" என்றேன். "ஹோதுங்" என்று காற்றுதான் வந்தது. "இன்னுமா? இந்தாங்க" என்று ஐந்தாவதைச் சாய்த்துவிட்டாள்.

வழிந்ததைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பதற்கும் தடை. உதடு விரியக்கூடாது.

இரண்டு உதடும் ஒட்டினால்தான் பகரமும் மகரமும் பிறக்கும். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் வகரம். தொல்காப்பியத்தில் பிறப்பியல் சொல்கிற கணக்கு இது. 32 வருஷம் இதைப் பாடமாக நடத்தினேன். "உள்ளங்கையை வாய்க்கு நேரா வச்சு 'ப' சொல்லுங்கடா, காத்து அடிக்குதா?" என்பேன். வகுப்பே கையை வைத்துக்கொண்டு ப, ப என்று ஊதும். அப்போதெல்லாம் உதடு எனக்குப் பாடத்தில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான். பசி, பால், மாத்திரை, வேண்டாம், போதும் என்று நோயாளிக்கு வேண்டிய சொல்லெல்லாம் உதட்டில்தான் இருக்கிறது என்பது அந்த நான்காம் நாள்தான் உறைத்தது. அதிலும் "வலி" இருக்கிறதே, அதைச் சொல்லப் போனால் மேற்பல் நேராக வந்து தையல்மேல் உட்காரும். சும்மா இருந்தால் அவ்வளவாக வலிக்கவில்லை. வலி என்று சொன்னால்தான் வலித்தது.

அண்ணாந்து குடிப்பது எனக்குப் புதிதில்லை. பாட்டி வீட்டில் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் முதுகில் ஒன்று விழும். "எச்சப் பண்ணாதடா." சொல்கிறவள் வாயில் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வெற்றிலைச் சாறு. கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையில், காவிரிப் பாய்ச்சலில் ஒரு கிராமம். ஊரைச் சுற்றிக் கொடிக்கால். அகத்தியில் படர்ந்த வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே நுழைந்தால் சித்திரை வெயிலிலும் உடம்பு சில்லிடும். ஈரச் சாக்கில் சுற்றிக் கவுளி கவுளியாகக் கொழுந்து வெற்றிலை வீட்டுக்கு வரும். பாட்டி காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவலையும் சேர்த்துச் சின்ன இரும்பு உரலில் இடிப்பாள். பல் போன பிறகு அவளுக்கு அதுதான் பல். மத்தியானத் தூக்கத்தில் அந்த டொக் டொக் சத்தம் கேட்டால், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நான் கையை நீட்டினால், "சின்னப் புள்ள வெத்தல போட்டா மாடு முட்டும்" என்று தட்டிவிடுவாள். மாடு முட்டுகிற வயது என்றைக்குத் தீரும் என்று காத்திருந்தேன். அக்கா கல்யாணத்தில் தீர்ந்தது. சம்பந்தி வீட்டார் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்த பாயில் என்னையும் உட்கார வைத்து, பாட்டி தன் கையாலேயே மடித்துக் கொடுத்தாள். எனக்கு 17 வயது. வாய் சிவந்ததா என்று நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னாள். சிவந்திருந்தது. "பொண்டாட்டி மேல பிரியமா இருப்பான்" என்றாள். பாயில் எல்லோரும் சிரித்தார்கள்.

உதட்டில் விழுந்த இந்தத் தையலுக்கு யாரைக் குற்றம் சொல்வது?

ஐந்தாம் நாள் முதல், உதடு ஒட்டாத தமிழில் பேசுவது என்று முடிவுசெய்தேன். அதற்கு இலக்கியத்தில் இடம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' என்று ஒன்று பாடினார். பாட்டு முழுக்க உதடு ஒட்டாது. ஒரு புலவரோடு போட்டி, தோற்றவர் வென்றவருக்கு அடிமை என்று பந்தயம் வைத்துப் பாடியதாகக் கதை. நான் எந்தப் பந்தயமும் வைக்கவில்லை. "தண்ணீர் தா." "தலையணை எங்கே?" "கஞ்சி ஆறிற்றா?" ஓரளவு ஓடியது. பேத்தியின் பெயரில் பகரம் இருந்ததால் அவளை "ராசாத்தி" ஆக்கினேன். மனைவியைக் கூப்பிடுவதில் மட்டும் ஒரு சிரமமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை "இந்தா" என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். அதற்கு உதடே தேவைப்படவில்லை.

நிரோட்டகத்தை நடத்தும்போது பிள்ளைகளிடம் துண்டுக் காகிதத்தை உதடுகளுக்கு நடுவில் பிடிக்கச் சொல்லி, துறவு அதிகாரத்தின் முதல் குறளைச் சொல்ல வைப்பேன். 341-ஆம் குறள். எதை எதை விட்டு விலகினானோ அதனால் அவனுக்குத் துன்பமில்லை என்பது பொருள். சொல்லும்போது உதடு ஒட்டாது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், 350, பற்றைப் பற்றியது. அதில் அடிக்கு அடி உதடு ஒட்டும். விடுவதற்கு ஒட்டாது, பிடிப்பதற்கு ஒட்டும் என்று பட்டிமன்றத்தில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். நானும் வகுப்பில் வாங்கியிருக்கிறேன். வாங்கிய அந்த நேரத்தில் என் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, வலப்பக்கம், ஒரு கிள்ளு பன்னீர்ப் புகையிலை அடக்கியிருந்தேன்.

புகையிலை பாட்டி கொடுத்ததில்லை. அது ஆசிரியர் அறையில் வந்தது. மூத்த கணக்கு வாத்தியார் தன் டப்பாவைத் திறந்து, "அஞ்சு பீரியடு நிக்கணும் சார், ஒரு கிள்ளு போட்டுக்குங்க" என்றார். முதல் நாள் தலை சுற்றி, உதடு மரத்து, பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். இரண்டாவது வாரம் நானே டப்பா வாங்கினேன்.

உதட்டில் வந்த வெள்ளையை முதலில் பார்த்தவர் என் முடிதிருத்துபவர். மூன்று வருஷம் இருக்கும். முகம் மழித்து முடித்து, "சார், உதட்டுல சுண்ணாம்பு ஒட்டியிருக்கு" என்று துண்டு முனையால் துடைத்தார். போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. "சுண்ணாம்பு வெந்திருக்கும், தேங்காயெண்ணெய் தடவுங்க" என்றார். எனக்கும் அதுவே தோன்றியது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்து வெளுப்பது வெற்றிலை போடுகிற எவருக்கும் தெரியும். ஆனால் அது நாலு நாளில் ஆறும். இது மூன்று வருஷம் ஆறவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததை யார் கவனிக்கிறார்கள்?

கடைசியில் பல்வலிதான் காப்பாற்றியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், பல் டாக்டர் உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தார். பஞ்சால் அவரும் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். துடைத்தும் போகாத, வேறு காரணமும் சொல்ல முடியாத வெண்படலத்துக்குத்தான் 'லூக்கோபிளேக்கியா' என்று பெயராம். உதட்டின் உள்மடிப்பில் தொடங்கிச் சிவப்பு விளிம்புவரை ஏறியிருந்தது. "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்டார். கையைத் தூக்கிக் காட்டினேன். விரல் நேராக அந்த இடத்தில் போய் நின்றது.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் துளி சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் வந்த தாளில் 'மாடரேட் டிஸ்பிளேசியா' என்று இருந்தது. டாக்டர் இளம்பெண், என் மகள் வயது. நான் வாத்தியார் என்று தெரிந்துகொண்டு வாத்தியாருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "காலைல பிரேயர்ல பிள்ளைங்க வரிசையா நிக்கும் இல்லீங்களா அய்யா, செல்லும் அப்படித்தான் நிக்கணும். உங்களுக்கு வரிசை கலைஞ்சிருக்கு. ஆனா ஒருத்தனும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டலை. தாண்டினாத்தான் கேன்சர்." இந்த மாதிரி வெண்படலம் எல்லாமே புற்றாவதில்லை, எது ஆகும் எது ஆகாது என்று முன்கூட்டி யாராலும் சொல்லவும் முடியாது, அதனால் சுவர் ஏறுவதற்குள் எடுத்துவிடுவது நல்லது என்றார்.

நான் பேரம் பேசினேன். புகையிலையை இன்றோடு விட்டுவிடுகிறேன், வெறும் வெற்றிலை பாக்கு போட்டுக்கொள்ளலாமா? அவர் தலையை ஆட்டினார். புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டதாம். புகையிலை கெட்டது, பாக்கு மங்கலம் என்று நான் வைத்திருந்த எல்லைக்கோடு அந்த மேஜையில் அழிந்தது. பாட்டியின் உரல் சத்தம் ஒரு நிமிஷம் காதில் நின்றுவிட்டது.

அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. மயக்கம் கொடுக்கவில்லை. தாடை நரம்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டு உதட்டை மட்டும் மரக்க வைத்தார்கள். புகையிலை போட்ட முதல் நாள் இருந்த அதே மரமரப்பு. முகத்தின்மேல் பச்சைத் துணி, அதில் வாயளவுக்கு ஓட்டை. வெண்படலத்தையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிட்டு, உள்ளுதட்டுத் தோலை இழுத்து வெளிவிளிம்போடு சேர்த்துத் தைத்தார்கள். இழுபடுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. இதுவரை உள்ளே இருந்தது இனி வெளியே இருக்கும், காற்றுப் பட்டு வறண்டு தோல் உரியும், வாசலின் தடவிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் கண்ணாடி பார்த்தேன். எதிரே இருந்தவனை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. கீழுதடு ஒரு பக்கம் மெலிந்து, கோடு கோணலாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கை தானாக வெற்றிலைச் செல்லப்பெட்டியைத் தேடிக் கூடத்து மாடத்துக்குப் போனது. பெட்டி இருந்தது. திறந்தால், உள்ளே மனைவி ஊசி, நூல்கண்டு, பொத்தான்கள் போட்டு வைத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். எடுத்த சதையின் அறிக்கையும் வந்திருந்தது. ஓரங்கள் சுத்தம். சுவரை யாரும் தாண்டியிருக்கவில்லை. "இப்ப உதட்டை ஒட்டி ஏதாவது பேசுங்க அய்யா" என்றார் டாக்டர். என்ன சொல்வது? வாயில் முதலில் வந்தது என் மனைவியின் பெயர். அதில் மூன்று இடத்தில் உதடு ஒட்டும். இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து எட்டிப்பார்த்து, "யாரைக் கூப்பிட்டீங்க?" என்றாள்.

வலப்பக்கம் இன்னும் முழுசாக உணர்ச்சி திரும்பவில்லை. காபி ஓரமாக வழிவது எதிரில் இருப்பவர் சொன்னால்தான் தெரிகிறது. மாதக்கணக்கில் ஆகும், கொஞ்சம் அப்படியே நின்றும் போகலாம் என்றிருக்கிறார்கள். கையில் துண்டு வைத்திருக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிப் பல்லாயிரம் பேரின் வாயைச் சுகாதாரப் பணியாளர்கள் கண்ணால் மட்டும் பார்த்துச் சோதித்ததைப் பின்னால் படித்தேன். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம், வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு அதனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் லான்செட் இதழில் எழுதியிருந்தார்கள். நல்ல வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும் போதுமாக இருந்திருக்கிறது. என் உதட்டிலும் அது மூன்று வருஷம் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. முடிதிருத்துபவர் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரிந்தவரிடம் நான்தான் போகவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் வெற்றிலையோ புகையிலையோ போடுகிறவரென்றால், அடுத்த முறை பல் தேய்க்கும்போது உதட்டை இழுத்துப் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ இரண்டு வாரத்தில் ஆறாமல் இருந்தால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தி முடிந்து பாயில் உட்கார்ந்தோம். தாம்பூலத் தட்டு சுற்றி வந்தது. கொழுந்து வெற்றிலை, நெய்ச் சீவல், வாசனையே ஆளை இழுத்தது. "எடுத்துக்குங்க சார்" என்று பெண்ணின் தாத்தா தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"போட்டதெல்லாம் போதும்" என்றேன். தெளிவாக வந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் வாயைத் திறந்து காட்ட வேண்டும். அடுத்தது ஆவணியில்.