அறுநூறு வீரரும் ஒரு பீங்கான் அன்னையும்

ஜெர்மனியின் கிழக்கே, எல்பே நதிக்கரையில் அமைந்துள்ளது டிரெஸ்டன் மாநகர். அங்குள்ள ஸ்விங்கர் மாளிகையின் பீங்கான் காட்சிக்கூடத்தில் நாம் நுழைந்தபோது, சாடிகளும் கிண்ணங்களும் தட்டுகளும் அணியணியாக நின்று ஒளிவீசின. இச்சேகரிப்பில் ஏறத்தாழ 20,000 பொருள்கள் உள்ளன.

அவற்றுள் ஒரு மீட்டர் அளவு உயரமுள்ள சில சீனச் சாடிகள், வெண்மையில் நீலச் சித்திரம் தீட்டப்பெற்று, நம்மைத் தடுத்து நிறுத்தின. 'குதிரைவீரர் சாடிகள்' என்பது அவற்றின் பெயர். காரணம் அறிந்து திகைத்தோம். சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்தின் அரசருமான இரண்டாம் அகஸ்தஸ், 1717-ஆம் ஆண்டு பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 பீங்கான் பொருள்களைப் பெற்றார். ஈடாக அளித்தது தம் குதிரைப்படை வீரர் 600 பேரை!

அந்நாளில் சீனப் பீங்கான் ஐரோப்பிய அரண்மனைகளில் செல்வாக்கின் சின்னமாய் விளங்கியது. அதை 'வெள்ளைப் பொன்' என்றே அழைத்தனர். பொன் செய்யும் வித்தை அறிந்தவரெனப் பெயர்பெற்ற பெட்கர் என்பாரை இதே அரசர் காவலில் வைத்திருந்தார். பொன் பிறக்கவில்லை, பீங்கான் செய்யும் வகை பிறந்தது. 1710-இல் அண்மையிலுள்ள மைசனில் ஆலை எழுந்தது. ஆயினும் அரசரின் ஆசை அடங்கவில்லை. அதனை ஒரு நோய் என்று அவரே ஒப்புக்கொண்டாராம்.

மாளிகையை விட்டுச் சில நிமிடம் நடந்தால் தமதிரித்துவப் பேராலயம். அதன் நிலவறையில், 1733-இல் மறைந்த அவ்வரசரின் இருதயம் ஒரு பேழையில் வைக்கப்பட்டுள்ளது. மேலே ஒரு சிற்றாலயத்தில் வியாகுல அன்னை, இறந்த திருமகனைத் தாங்கியிருக்கிறாள். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் ஏறத்தாழ 25,000 பேர் இந்நகரில் மாண்டனர். அவர்கள் நினைவாகச் சிற்பி பிரீட்ரிக் பிரஸ் உருவாக்கியது இச்சிற்பம். செய்பொருள் யாதெனில், அதே மைசன் பீங்கான்!

நாம் முழந்தாளிட்டோம். அங்கே பீங்கானுக்காக மனிதர் கைமாறினர். இங்கே அதே பீங்கான் மாண்ட மனிதருக்காக அழுகிறது. மண் ஒன்றே, மனம்தான் வேறு.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் கண்ணாடி அலமாரிக்குள் பூவேலைக் கோப்பைகள் இருக்கின்றன. பெரிய மனிதர் வந்தால் அவை இறங்குகின்றன. வேலைக்கு வரும் ஏழைக்கோ வாசலோரத்தில் தனிக் குவளை. நாமும் அன்றாடம் ஒரு மனிதரைப் பீங்கானுக்கு ஈடு வைக்கிறோம் அல்லவா? மண்பாண்டமாகிய நம்மைக் கடவுள் தம் அருளின் கலமாகக் கொண்டார். அடுத்த முறை அந்த ஏழை வரும்போது, அலமாரியைத் திறப்போம்.