காட்டுப்பாதைக்கு கைத்துப்பாக்கி துணையாகுமா?

வத்தலக்குண்டிலிருந்து பழநி மலையில் ஏறினால், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காபி, மிளகு, மலைவாழைத் தோட்டங்கள் வரிசைகட்டும். தோட்டத்தை ஒட்டியே காடு. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களின் பாதையில் காட்டுமாடு நிற்பது இங்கே சாதாரணம். 'இடுப்பில் சின்னதாக ஒரு ரிவால்வர் இருந்தால் தைரியமாக நடக்கலாமே' என்ற எண்ணம் சிலருக்கு வருவதுண்டு.

மேற்கு வங்க மாநிலம், இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .22 'நிடர்' ரிவால்வர், சுமார் 250 கிராம்தான். சுமப்பது சுலபம். ஆனால், இந்த ரகத் துப்பாக்கியின் குண்டு 3 கிராம்கூட இருக்காது. காட்டுமாட்டுக் காளையோ 1,000 கிலோ வரை இருக்கும். காயம்பட்டு அது திரும்பிப் பாய்ந்தால், உயிர் தப்புவது கஷ்டம்.

சட்டமும் இடம் தராது. துப்பாக்கி வைத்திருக்க, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும், கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்துக்குள் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. இந்தச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது.

வெளிச்சம் வந்தபிறகு கிளம்புவது, இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொண்டே நடப்பது, கையில் டார்ச் லைட் வைத்திருப்பது, நாயைக் கூட்டிப் போகாமல் இருப்பது ஆகியவைதான் உண்மையான பாதுகாப்பு. காட்டுமாட்டைப் பார்த்தால், கல்லெறியாமல் மெதுவாகப் பின்வாங்கி வழிவிட்டால் போதும். அது தன் வழியில் போய்விடும்.