எலி மருந்தும் எங்கள் தாயாரும்

எங்கள் தாயாருக்கு இதய வால்வு மாற்றப்பட்ட ஆண்டு 2011. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சல், ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்துத் தன் கைவரிசையைக் காட்டியது. உலோக வால்வின்மேல் இரத்தம் உறைந்து, அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். ஆகவே வாழ்நாள் முழுதும் நாள்தோறும் வார்ஃபரின் மாத்திரை உண்ணவேண்டும் என்றார் மருத்துவர். மாலை ஆறு மணிக்கு அதனைக் கொடுப்பது உடன்பிறந்தார் மூவராகிய எங்களுக்கு முறைவைத்த கடமையாயிற்று.

அம்மாத்திரையின் பிறப்பை அறிந்தபோது திகைத்தோம். 1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் பல, கொம்பு நீக்கிய காயத்தில் குருதி நில்லாமல் மடிந்தன. அவை தின்றது, ஈரத்தில் பூசணம் பூத்த ‘இனிப்புக் குளோவர்’ என்னும் தீவனப்பயிர். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர், இறந்த கிடாரியையும், உறையாத குருதி நிறைந்த பால் கேனையும், கெட்ட தீவனத்தையும் வண்டியிலேற்றி, பனிப்புயலில் ஏறத்தாழ 190 மைல் கடந்து, கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அந்நஞ்சைப் பிரித்தெடுக்க லிங்க் குழுவினருக்கு 1939 வரை ஆயிற்று. அதன் வழிவந்த வார்ஃபரின், 1948இல் எலிக்கொல்லியாகவே அங்காடிக்கு வந்தது. மனிதர்க்கு மருந்தானது 1954இல்தான்.

இச்செய்தியைத் தாயாரிடம் மறைத்தோம். வீட்டுச் சிறுவன் ஒருவன் உளறிவிட்டான். “எலிக்கு வைக்கிறதையா இத்தனை நாளா எனக்குக் கொடுத்தீங்க?” என்று கேட்டவர், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சினந்தது வேறொன்றுக்கு.

கீரைக்கு! குருதியை உறையவைக்கும் புரதங்கள் சிலவற்றைச் செம்மையாக ஆக்கக் கல்லீரலுக்குக் கே உயிர்ச்சத்து வேண்டும். ஒருமுறை பயன்பட்ட அச்சத்து மீண்டும் பயன்படாதவாறு தடுப்பதே வார்ஃபரினின் வேலை. முருங்கைக்கீரையிலோ அச்சத்து மிகுதி. மருத்துவர் கூறியதை அரைகுறையாகக் கேட்டுவந்த நாங்கள், கீரையை அடுக்களையிலிருந்தே விலக்கினோம். கொல்லை முருங்கையை வெட்டவும் ஆளை அழைத்துவிட்டோம். தம் கையால் போத்து நட்டு வளர்த்த மரமல்லவா? தாயார் வந்த ஆளைத் திருப்பியனுப்பிவிட்டு, இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

பின்பு தம் தங்கையார் வீட்டிற்குச் சென்று மூன்று வாரம் தங்கினார். அங்கே நாள்தோறும் கீரை. உறைதலின் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் எண், மருந்து உண்ணாதவர்க்கு 1 அளவில் இருக்கும். எங்கள் தாயாருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையே நிற்கவேண்டும். அவ்வூரில் பார்த்தபோது 1.6. மாத்திரையின் அளவைக் கூட்டினர். கூட்டிய அளவோடு, கீரையற்ற எங்கள் வீட்டிற்குத் திரும்பினார். பத்தாம் நாள் காலையில் பல்துலக்கிய நீர் சிவந்திருந்தது. தட்டியபடி எங்கும் நில்லாமல் மருத்துவமனைக்கு விரைந்தோம். எண் 6ஐத் தாண்டியிருந்தது.

“கீரையை நிறுத்தச் சொன்னது யார்? ஒரே அளவாகக் கொடுங்கள் என்றுதானே சொன்னேன்” என்றார் மருத்துவர். எங்களிடம் மறுமொழி இல்லை. தாயார் எங்களை ஏறிட்டுப் பார்த்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அப்பார்வையைவிடத் திட்டியிருக்கலாம்.

அன்றுமுதல் மூட்டுவலிக்குக் கடையில் தாமே வாங்கும் மாத்திரைகளும் நின்றன; அவற்றுள் பல குருதிக்கசிவை மிகுவிப்பன. அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் உண்டென்று உறவினர் கூறக்கேட்டு வினவினோம். உலோக வால்வு உடையோர்க்கு அவை ஆகாவாம்.

இப்போது புதனும் சனியும் கீரை. அளவு, சிறிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று. எங்களில் யாரேனும் அன்பு மிகுந்து கோபுரமாய் வைத்துவிட்டால், தாயார் மேலே நிற்பதை விரலால் வழித்துச் சட்டியிலிட்டுவிட்டுத்தான் உண்ண அமர்கிறார்.