பூட்டு மட்டும் போதுமா?

விடுமுறை நாட்களில் பூதலூரிலிருந்து கல்லணை, திருவையாறு, தஞ்சை என்று நாங்கள் நாலு பேர் சைக்கிளில் சுற்றுவது வழக்கம். நான் ஓட்டிப் போவது அப்பாவின் வண்டி. மறுநாள் விடியற்காலையில் மடை பார்க்கப் போக அவருக்கு அது வேண்டும்.

பின்சக்கரப் பூட்டு, கம்பிகளுக்கு நடுவே நுழைந்து சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுக்கும், அவ்வளவே! அலாக்காகத் தூக்கி வேனில் போட்டால் பூட்டு என்ன செய்யும்? அதனால் நாலு வண்டியின் பிரேமுக்குள்ளும் சங்கிலி விட்டு, மரத்தோடு சேர்த்துப் பூட்டுவோம். ஆற்றில் குளிக்க இறங்கினால், முறை வைத்து ஒருவன் கரையில் உட்காருவான். பம்பும் பைகளும் அவன் பொறுப்பு. ஸ்டாண்டில் விட்டாலும் பூட்டுவோம், டோக்கன் சட்டைப்பையில்!

"போலீஸ் எதுக்கு இருக்கு?" என்பீர்கள். 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் களவு போன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைந்தது என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் புலன்விசாரணை செய்ய முடியாது. பழைய சைக்கிள் அந்த விலை பெறுமா? வயலுக்குப் போகிறவருக்கோ அதுதான் கால்!

ஆகவே நண்பர்களே, பிரேமில் அடித்திருக்கும் நம்பரை இன்றே டைரியில் குறியுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "கறுப்பு கலர் வண்டி சார்" என்றால் ஊரில் பாதி வண்டி கறுப்புதான்! வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று கல்லணைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ?