பெயர் தெரியாத சீமாட்டி

மாஸ்கோ நகரில் திரெத்தியாகோவ் ஓவியக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. வணிகர் பாவெல் திரெத்தியாகோவ் தாம் சேர்த்த ஓவியங்களை 1892-இல் அந்நகருக்கே கொடுத்துவிட்டார். பல வருடச் சேமிப்பைக் கரைத்து, சென்ற குளிர்காலத்தில் நானும் என் மனைவியும் அங்குப் போய் வந்தோம்.

வாசலிலேயே குளிர்ச்சட்டைகளைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தீபாவளிச் சேலையோடு உள்ளே நுழைந்த மனைவியைப் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சம்.

நாங்கள் தேடிப்போனது இவான் கிராம்ஸ்கோய் 1883-இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியத்தை. முக்கால் மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், அவ்வளவுதான். பீட்டர்ஸ்பர்க் நகரின் நெவ்ஸ்கி வீதி. பின்னால் பனிமூட்டத்தில் அரண்மனை மங்கலாகத் தெரிகிறது. திறந்த குதிரை வண்டியில் ஒருத்தி தனியே அமர்ந்திருக்கிறாள். மென்மயிர் விளிம்பும் நீலப் பட்டு நாடாவும் வைத்த கரிய மேலங்கி, வெள்ளை இறகு செருகிய தொப்பி, கையுறைக்கு மேல் தங்கக் காப்பு. தொட்டால் மயிர் விரலில் ஒட்டும் போலிருக்கிறது! தலையைச் சற்றே நிமிர்த்தி, பாதி மூடிய இமைகளுக்குக் கீழாக நம்மைப் பார்க்கிறாள்.

"திமிர் பிடித்தவள்" என்றேன் நான்.

"இல்லீங்க, அழுதுட்டு முகம் கழுவி வந்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அன்றைய விமர்சகர்கள் என் கட்சி. உயர்குடிப் பெண் இப்படிப் புது நாகரிகம் முழுவதையும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு தனியே வரமாட்டாள், இது யாரோ வைத்திருக்கும் பெண் என்று சிலர் சொன்னார்கள். திரெத்தியாகோவும் படத்தை வாங்கவில்லை. 1925-இல்தான் அது இந்தக் கூடத்துக்கு வந்தது.

கிராம்ஸ்கோய் ஏழைக் குமாஸ்தாவின் மகன். புகைப்படங்களுக்கு மெருகேற்றிப் பிழைத்தவர். அதே காலத்தில் ஒரு கிழ விவசாயியையும் வரைந்தார். அவர் பெயர் மினா மொய்செயெவ் என்று இன்றும் தெரியும். பெரட்டில் பேர் கூப்பிட்டால் அந்தக் கிழவர் "ஆஜர்" சொல்லிவிடுவார். இந்தச் சீமாட்டியோ வெறும் 'பெயர் தெரியாதவள்'. யாரை வைத்து வரைந்தேன் என்று ஓவியர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

மனைவி நகரவில்லை. அவளுடைய அக்கா பால்மரம் வெட்டியவர். ஒட்டுப்பால் காசைச் சேர்த்து ஒரு பட்டுச் சேலை வாங்கித் திருவிழாவுக்குக் கட்டிப் போனார். "இவளுக்கு ஏது இவ்வளவு காசு?" என்று லயமே பேசியது. அதன்பின் அக்கா அந்தச் சேலையைத் தொடவில்லை. இதை இத்தனை வருடத்தில் அன்றுதான் என்னிடம் சொன்னாள். நான் முதலில் சொன்ன 'திமிர்' என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

கீழே குளிர்ச்சட்டையை வாங்கி மாட்டும்போது கேட்டாள்: "இங்க உள்ளவங்க என்னைப் பார்த்து யாருன்னு நினைச்சிருப்பாங்க?"