வாடைக்கு எதிரே ஒரு ஹெர்குலிஸ்

அப்பாவின் ஹெர்குலிஸ் மீன்கூடை சுமந்தே பழகிய வண்டி. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும், ஏலத்தில் எடுத்த மீனைப் பெரிய கேரியரில் ஏற்றி, பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்பக்க ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார். கூடையில் வடிந்த தண்ணீரும் உப்புக்காற்றுமாக மட்கார்டைப் பாதி தின்றிருந்தன. அதைத்தான் பொங்கல் சைக்கிள் பந்தயத்துக்குத் தயார் பண்ணித் தருவதாகச் சொன்னார் மாமா.

வேறு வண்டிக்கு வழியும் இல்லை. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தையே சைக்கிளில் ஏற்றியிருந்த சமயம் அது. கலெக்டர் ஷீலாராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிப் புதுக்கோட்டையைச் சுற்றிவந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஜென்ட்ஸ் சைக்கிள். குழந்தையை உட்கார வைக்கப் பார் இருக்கிறதே என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. வாடகைக் கடைக்கு எப்போது போனாலும் ஏதாவது ஒரு அக்கா எனக்கு முன்னால் வண்டியை எடுத்துப் போயிருப்பார்.

மாமா விசைப்படகில் டிரைவர். இன்ஜினைப் பிரித்த கைக்குச் சைக்கிள் எம்மாத்திரம்? ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர், டைனமோ, மட்கார்டு எல்லாம் ஒவ்வொன்றாகத் திண்ணையில் போய் உட்கார்ந்தன. ஹேண்டில்பாரைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டினார். பிரேக் ராடுகள் இடித்தன, அவற்றையும் கழற்றிவிட்டார். "போறதுக்குத்தானே மாப்ள பந்தயம், நிக்கிறதுக்கா?" என்றார். அம்மாவுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை.

அப்புறம் ஓவராயில். மண்ணெண்ணெய்த் தட்டில் பால்ரஸ்களைக் கொட்டி என்னை எண்ணச் சொன்னார். பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்பது. ஒவ்வொன்றையும் துணியில் உருட்டித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புள்ளி விழுந்ததை ஒதுக்கிவிட்டு, படகு கிரீஸை அப்பி அதில் ஒன்பதையும் பதித்தார். சக்கரத்தின் கோட்டம் எடுக்கும்போது பேசக்கூடாது. ஃபோர்க்கில் விரலை ஊன்றி, நகம் ரிம்மில் உரசும் சத்தத்தைக் கேட்டே கம்பிகளை முறுக்கினார். கைப்பிடிக்கு வலை பின்னும் நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, வலை முடிச்சே போட்டார். வேர்த்தாலும் வழுக்கவில்லை.

முக்கியமான வேலை ஃப்ரீவீலில். 18 பல் இருந்த இடத்தில் 16 பல்லை மாட்டிப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். முன்னால் 44 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுகூடச் சுற்றாமல் இருந்தது போய், இரண்டே முக்கால் ஆனது. மிதிப்பது கனம், பிடித்துவிட்டால் பறக்கும்.

பந்தயத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் விட்டார்கள், வாத்தியாரின் கடிகாரத்தைப் பார்த்து. 1989 டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் தனியாக ஓட்டி, மொத்தக் கணக்கில் எட்டே வினாடியில் கோப்பையைப் பறித்தார் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துப் படித்தது. 1993-ல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி, வாஷிங் மெஷின் பேரிங்கைப் போட்டுத் தானே கட்டிய சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். மாமா பக்கத்தில் இருந்திருந்தால் அந்த பேரிங்குக்கும் படகு கிரீஸ் அப்பியிருப்பார்.

வடக்கே கோட்டைப்பட்டினம் தாண்டி மணமேல்குடி போகும்வரை வாடைக்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. கவிழ்ந்த ஹேண்டில்பாரில் தாடையைத் தொட்டுக்கொண்டு மிதித்தேன். திரும்பும்போது அதே காற்று முதுகில் ஏறிக்கொண்டது; அங்கேதான் 16 பல் வேலையைக் காட்டியது. எல்லைக்கோட்டைத் தாண்டி, செருப்பைப் பின்டயரில் தேய்த்து நிறுத்துவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. இரண்டாம் பரிசு, எவர்சில்வர் தூக்குவாளி.

மறுநாளே கேரியர் ஏறியது, பிரேக் ஏறியது, எல்லாம் ஏறியது. ஃப்ரீவீலை மட்டும் மாமா மாற்றவில்லை. கூடையோடு கிளம்பிய அப்பா மேட்டில் மூச்சு வாங்க இறங்கித் தள்ளிக்கொண்டு போனாராம். சாயங்காலம் வந்து, "ஒம்மாமன எங்கடா? என் பதினெட்டுப் பல்ல எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.