ஆறு மணித்தியாலம்

டிக்கோயாவில் வாழ்பவனுக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் லயத்துத் தகரத்திலிருந்து விடியும்வரை பனி சொட்டும். பிள்ளை பிறந்த வீட்டில் முதல் கவலையே கம்பளியைப் பற்றியதுதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பிறந்த சிசுவைக் குளிர்வித்துக் காப்பாற்றலாம் என்று வாசித்தபோது எனக்கு அது பெரும் புதுமையாக இருந்தது. அந்தப் புதுமையை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாமல் நான் செய்த பிழையைத்தான் இங்கு எழுதுகிறேன்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்து நான் முதன்முதல் படிப்பித்த வகுப்பில் இருந்தவன் அவன். 2015இல் அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். நடுச்சாமத்தில் வலி கண்டது. தோட்டத்து லொறி வந்து சேர விடிந்துவிட்டது. பிள்ளை பிறந்து அழவில்லை. மூச்சைக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றிரவே வலிப்பு வந்தது. உயிர் தங்கியது, கழுத்து நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். ஆறுதல் சொல்லத் தெரியாத வாத்தியார் பாடம் சொல்லத் தொடங்குவான். நானும் தொடங்கினேன். ஒட்சிசன் தடைப்பட்டால் மூளை முழுவதும் ஒரேயடியாகக் கெட்டுவிடுவதில்லை. மூச்சு மீண்டபின் சில மணித்தியாலம் ஓர் அமைதி இருக்கும். அதன் பிறகுதான் வீக்கமும் வலிப்புமாக இரண்டாவது அழிவு தொடங்கும். அதற்கு முன், பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள், தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவியின் உதவியோடு சிசுவின் உடல் வெப்பத்தை 33.5 பாகை செல்சியஸ் அளவுக்கு இறக்கி, 72 மணித்தியாலம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். 2013இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, 11 ஆய்வுகளில் 1505 சிசுக்களின் விபரங்களைத் தொகுத்து, ஏழு பேருக்கு இதைச் செய்தால் ஒருவரை மரணத்திலிருந்தோ பெரும் இயலாமையிலிருந்தோ காக்கலாம் என்றது.

இத்தனையும் சொல்லி முடித்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி.

“அப்ப, அந்த லொறியப் பாத்துக்கிட்டு நிக்காம நான் வேற வாகனம் தேடியிருந்தா புள்ள நல்லா இருந்திருக்குமா சேர்?”

நான் மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்தை ‘ஓம்’ என்று எடுத்துக்கொண்டு அவன் ஏழு வருடம் சுமந்தான்.

2021 ஆகஸ்டில், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையிலான ‘ஹீலிக்ஸ்’ ஆய்வின் முடிவு வெளிவந்தது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு பெரிய வைத்தியசாலைகளில் 408 சிசுக்கள். இலங்கையிலிருந்து களனிப் பல்கலைக்கழகம் அதில் பங்கெடுத்திருந்தது. குளிர்வித்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்திருந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 பேர். உயிர் பிழைத்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால், மரணமோ இயலாமையோ குறையவில்லை. செல்வந்த நாடுகளில் பலன் தந்த வைத்தியம் இங்கே தரவில்லை. இங்குள்ள பல சிசுக்களுக்கு மூளைப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே, அல்லது நீண்ட பிரசவ வேதனையின்போதே தொடங்கிவிடுகிறது, பிறந்தபின் வரும் அந்த ஆறு மணித்தியாலம் அவர்களுக்கு ஏற்கெனவே கடந்துபோய்விட்டது என்பது ஆய்வாளர் தரும் விளக்கங்களில் ஒன்று.

அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அரைகுறையாய் அறிந்ததை ஒரு தகப்பனின் தலையில் ஏற்றியிருந்தேன்.

2022இல் மறுபடி மலை ஏறினேன். பிள்ளைக்கு ஏழு வயது. அவனுடைய தாய் மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வு சொன்னதை எளிமையாகச் சொன்னேன். அந்தக் கருவி கிடைத்திருந்தாலும் பிள்ளை தேறியிருக்கும் என்று சொல்ல முடியாது, நான் அன்று பேசாமல் இருந்தது பிழை என்றேன்.

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “சரி சேர். ஆனா லொறி நேரத்துக்கு வந்திருக்கணும்தானே?”

அவன் சொன்னதுதான் சரி. பிறந்தபின் தரும் வைத்தியம் கைகொடுக்காத இடத்தில், பிறப்பதற்கு முன் உள்ள மணித்தியாலங்களே பெறுமதியானவை. வலி கண்டவளை ஏற்றிச்செல்ல வாகனம் வேண்டும். வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். பிள்ளை அழாவிட்டால் முதல் நிமிடத்திலேயே முகமூடி வைத்துக் காற்றூட்டப் பழகிய கை வேண்டும். 2017 மே 12இல் கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நல்ல காரியம். மேல் டிவிசனிலிருந்து அதன் வாசல்வரை உள்ள தூரத்தைத்தான் அவன் கேட்டான்.

“வந்திருக்கணும் தம்பி,” என்றேன். “அது வராதது உன் குத்தமில்ல.”

இம்முறை நான் மௌனமாக இருக்கவில்லை. அவன் ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து வாங்கித் தோளில் சாய்த்து, கம்பளியை இழுத்து மூடினான்.